பூல் ஆட்டக்காரரை உருவாக்குவது பயிற்சியா, பிறந்த நாடா? ஓசூர், கிருஷ்ணகிரி டேபிள்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மாலை நேரத்தில் பையன்களுக்கு பூல் (கியூ என்ற கோலால் பந்துகளைத் தட்டி டேபிளின் பாக்கெட்டுகளில் போடும் ஆட்டம்) சொல்லிக்கொடுக்கிறேன். பையன்கள் "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடணும்ணா?" என்று கேட்கிறார்கள். யூடியூபில் மேட்ச் பார்க்கிறவர்கள் "பிலிப்பைன்ஸ்காரன் மட்டும் எப்படிண்ணா?" என்கிறார்கள். வாசலில் நிற்கும் பெற்றோருக்கு இதெல்லாம் பிழைப்புக்கு உதவுமா என்ற கவலை. மூன்று கேள்விக்கும் வேர் ஒன்றுதான். ஒரு ஊர் ஒரு பிள்ளைக்கு எந்த டேபிளை, எந்த ஆட்டத்தை, எப்படிப்பட்ட எதிராளியைக் கொடுக்கிறதோ, அதைத்தான் அவன் பயிற்சி செய்ய முடியும். மணிக்கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறதா?

ரத்தத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. நம் பக்கம் டீக்கடை ஓரத்தில் கேரம் போர்டு கிடப்பதுபோல அங்கே தகரக் கூரைக்கு அடியில் பூல் டேபிள் கிடக்கும். கிளப் உறுப்பினர் அட்டை, ஷூ, காலர் வைத்த சட்டை எதுவும் வேண்டாம். காசு குறைவு, கூட்டம் அதிகம். ஆடத் தெரிந்த கிழவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

எஃப்ரென் ரெய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1954-ல் பம்பாங்கா மாகாணத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே மணிலாவில் உறவுக்காரர் நடத்திய பூல் கூடத்தில் எடுபிடி வேலைக்குப் போனார். டேபிள் எட்டாது என்பதால் கோகோ கோலா பெட்டிகளை அடுக்கி மேலே ஏறி நின்று ஆடுவார். கூடத்தை மூடியபிறகு அந்த டேபிள் மேலேயே தூங்குவார். நம் பையன்கள் ஒரு மணி நேரத்துக்குக் காசு எண்ணிக் கொடுத்து வாங்குவது அவருக்கு வீடாகவே இருந்தது.

அதைவிட முக்கியம், அங்கே என்ன ஆடினார்கள் என்பது. நாம் பெரும்பாலும் எட்டுப் பந்து ஆடுகிறோம், அதாவது சாலிட் (முழு நிறப் பந்து), ஸ்ட்ரைப் (பட்டை போட்ட பந்து) என்று பிரித்துக்கொண்டு கடைசியில் கறுப்பு. அவர்கள் ஊர் ஆட்டம் ரொட்டேஷன். 15 பந்தும் டேபிளில் இருக்கும், 1-லிருந்து வரிசையாகத்தான் அடிக்க வேண்டும். பந்தின் எண்ணே புள்ளி. எல்லாம் கூட்டினால் 120, ஆக 61 எடுத்தவர் ஜெயித்தார். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எட்டுப் பந்தில் நமக்கு ஏழு பந்து இருக்கும், எது சுலபமோ அதை அடித்துக்கொள்ளலாம். ரொட்டேஷனில் அடிக்க வேண்டியது ஒரே ஒரு பந்து. அது எந்த மூலையில் எதற்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் வெள்ளையை, அதாவது கியூவால் தட்டும் வெள்ளைப் பந்தை, அங்கே கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். பத்து வயதிலிருந்து இதையே ஆடியவனுக்கு ஒன்பது பந்து ஆட்டம், அதாவது 9 பந்தை மட்டும் வரிசையாக அடிப்பது, இடம் விசாலமான வீட்டில் நடப்பது மாதிரி இருக்கும்.

ரெய்ஸ் கேரம் பில்லியர்ட்ஸும் ஆடியவர். அது நம் கேரம் போர்டு அல்ல. அதில் பாக்கெட்டே கிடையாது, எல்லாமே குஷன் (டேபிளின் ரப்பர் விளிம்பு) கணக்குதான். 1995-ல் ரீனோவில் எர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக அவர் அடித்த ஒரு ஷாட் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடிக்க வேண்டிய பந்து மறைந்து நிற்கிறது, நேர்வழி இல்லை. வெள்ளையை இரண்டு குஷனில் குறுக்கும் நெடுக்குமாகத் தட்டவிட்டு அந்தப் பந்தைப் பாக்கெட்டில் போட்டார். பார்த்தவர்கள் மாயம் என்றார்கள். கேரம் பில்லியர்ட்ஸ் ஆடியவர்களுக்கு அது பாடத்தில் இருந்த கணக்கு.

1985-ல் அமெரிக்கா போய், ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்று 'சீசர் மொராலஸ்' என்ற பெயரில் ஹூஸ்டனில் ஆடி ஜெயித்தார். 1994-ல் யு.எஸ். ஓப்பன் ஒன்பது பந்துப் போட்டியை வென்ற முதல் அமெரிக்கர் அல்லாதவர் ஆனார். 1999-ல் ஒன்பது பந்து உலக சாம்பியன், 2004-ல் எட்டுப் பந்து உலக சாம்பியன். இரண்டு வகை ஆட்டத்தில் உலகப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். அவருக்குப் பின்னால் ரோனி அல்கானோ (2006), பிரான்சிஸ்கோ புஸ்தமாந்தே (2010), கார்லோ பியாடோ (2017, பிறகு 2025) என்று வரிசை தொடர்கிறது. ஒரு ஊரில் ஒருவன் ஜெயித்துக் காட்டினால் அடுத்தவன் "நம்மால் ஆகுமா" என்று கேட்பதை விட்டுவிடுகிறான். அதுவும் நாடு கொடுக்கும் சொத்துதான்.

பந்தயம் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே காசு வைத்து ஆடுவது சகஜம், அந்த அழுத்தத்தில்தான் பலர் வளர்ந்தார்கள். அதைப் பார்த்து இங்கே காப்பியடிக்கக் கிளம்பாதீர்கள். அழுத்தம் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஆடுகிற விதத்தைப் பார்த்தே எந்த நாடு என்று சொல்லிவிட முடியுமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். பிரிட்டனிலிருந்து வருகிறவர்கள் தாடை கியூவில் உரசக் குனிவார்கள், உடம்பு அசையாது. ஸ்னூக்கர் கற்றுக்கொடுத்த நிலை அது. இங்கிலாந்தின் அலிசன் ஃபிஷர் ஸ்னூக்கரில் உலகப் பட்டங்களை வாங்கிவிட்டு 1995-ல் அமெரிக்கா போய் பெண்கள் பூலையே ஆண்டார். ஸ்னூக்கரில் 12 அடி டேபிள், 52.5 மி.மீ. பந்து. பூலில் 9 அடி டேபிள், 57.15 மி.மீ. பந்து. பெரிய டேபிளில் சின்னப் பந்தை நேராகப் போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய சிரமமில்லை.

ஜெர்மனியில் கிளப்பும் லீக்கும்தான் பள்ளிக்கூடம். அங்கே ஆட்டம் சத்தமில்லாமல், அவசரமில்லாமல் இருக்கும். ஒலிவர் ஓர்ட்மன் (1995), ரால்ஃப் சுகே (1996), தோர்ஸ்டன் ஹோமன் (2003, 2013), ஜோஷ்வா ஃபில்லர் (2018) என ஒன்பது பந்து உலக சாம்பியன்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஃபில்லர் ஆடுவதைப் பார்த்தால் "ஜெர்மன்காரன் நிதானம்" என்ற பேச்சு தவிடுபொடி. அவர் யோசிக்கும் முன்பே பந்து உள்ளே போய்விடும்.

தைவானில் சின்ன வயதிலேயே கட்டுக்கோப்பான பயிற்சி. சாவ் ஃபோங் பாங் 1993-லும் 2000-லும் உலக சாம்பியன். 2005-ல் காவ்சியுங்கில் நடந்த இறுதியில் 16 வயது வூ ஜியா சிங் 17-16 என்று ஜெயித்தார், அதே வருடம் எட்டுப் பந்து பட்டத்தையும் எடுத்தார். பதினாறு வயதில் நம் பையன் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பான்.

அமெரிக்காவில் பல தலைமுறையாக பாரிலும் பூல் கூடத்திலும் வளர்ந்த தனி ஆட்கள்தான் அதிகம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1994-லிருந்து மோதும் மாஸ்கோனி கோப்பையை 2020 முதல் 2024 வரை ஐந்து முறையும் ஐரோப்பாதான் எடுத்தது. திறமை குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஒரு பக்கம் கிளப், கோச், நாடு விட்டு நாடு போய் வாராவாரம் ஆட்டம். இன்னொரு பக்கம் நீண்ட நெடுஞ்சாலையில் தனியாகக் கார் ஓட்டிப் போய் ஆடுகிறவன்.

இந்தக் கணக்கெல்லாம் உடைகிற இடமும் உண்டு. அல்பேனியாவின் எக்லென்ட் காச்சி 2021-ல் பத்துப் பந்து உலக சாம்பியன். அல்பேனியப் பாணி என்று யாரும் அதுவரை பேசியதில்லை.

10,000 மணி நேரம் ஆடினால் புரொஃபஷனல் ஆகிவிடலாமாமே?

அந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் பையன்களுக்கு: 1993-ல் உளவியலாளர் எரிக்சனும் இரண்டு சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். அதில் சிறந்த குழு 20 வயதுக்குள் செய்த பயிற்சியின் சராசரி ஏறக்குறைய அந்த அளவு. சராசரி என்றால் சிலர் மிகக் குறைவு, சிலர் மிக அதிகம். அந்த எண்ணைத் தொட்டால் கதவு திறக்கும் என்று எரிக்சன் சொல்லவே இல்லை. அவர் சொன்னது, குறையைத் தேடிப் பிடித்து அதையே திருத்துகிற பயிற்சியைப் பற்றி. ஜாலியாக நாலு ஃப்ரேம் போடுவது அதில் சேராது.

2014-ல் மக்னமாராவும் மற்றவர்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சதுரங்கம் மாதிரியான ஆட்டங்களில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் 26 சதவீதத்தைத்தான் அப்படிப்பட்ட பயிற்சியால் விளக்க முடிந்தது. விளையாட்டுகளில் 18. மீதி எதனால் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. நான் டேபிள் பக்கத்தில் பார்த்ததை வைத்துச் சொன்னால், எந்த வயதில் ஆரம்பித்தான், யாரோடு ஆடினான், தோற்றபின் யார் என்ன சொன்னார்கள் என்பவற்றுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது.

அப்படியானால் பெரிய ஆட்டக்காரர்கள் தினமும் என்னதான் செய்கிறார்கள்?

சலிப்பூட்டும் வேலை செய்கிறார்கள். அதுதான் ரகசியம் என்றால் ரகசியம்.

ஷேன் வான் போனிங் அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் ரேப்பிட் சிட்டியைச் சேர்ந்தவர். பிறவியிலேயே காது கேட்பதில் குறை. குடும்பமே பூல் கூடம் நடத்தியது. பிரேக் ஷாட்டை மட்டும் மணிக்கணக்கில் அடித்துப் பழகுவதற்குப் பெயர் போனவர். அடுக்குவார், உடைப்பார், மறுபடி அடுக்குவார். ஐந்து யு.எஸ். ஓப்பன் வாங்கியும் உலகப் பட்டம் மட்டும் கைக்கு எட்டாமலே இருந்தது. 2016 உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரியாவின் ஆல்பின் ஒவ்ஷானிடம் தோற்றார். 2022 இறுதி ஆட்டத்தில் அதே ஒவ்ஷானை 13-6 என்று வீழ்த்தினார். காது கருவியை அணைத்துவிட்டால் கூட்டத்தின் இரைச்சல் அவரைத் தொடாது. குறை என்று சொன்னதை ஆயுதமாக்கிக்கொண்டார்.

நம் பையன்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இது. ஒரு பந்தை டேபிளின் நடுவில் வையுங்கள். மூலைப் பாக்கெட்டுக்கும் அந்தப் பந்துக்கும் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் இன்னொரு நுனியில் வெள்ளை. நேர் ஷாட், கட் (பந்தின் ஓரத்தில் மோதித் திருப்புவது) இல்லை. பந்து உள்ளே போக வேண்டும், வெள்ளை மோதிய இடத்திலேயே செத்து நிற்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். செய்து பாருங்கள், வெள்ளை நாலு விதமாகக் காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் குறி தவறு. நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினால் கியூ முனை நடுவில் படவில்லை, தெரியாமல் சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) கொடுத்திருக்கிறீர்கள். முன்னால் உருண்டால் மேலே அடித்துவிட்டீர்கள், இல்லை வேகம் போதவில்லை. பின்னால் வந்தால் தேவைக்கு மேல் கீழே. கோச் பக்கத்தில் இல்லாத ஊரில் வெள்ளைப் பந்துதான் கோச்.

அடுத்தது கோணம். கட் ஷாட்டில் வெள்ளை உருளாமல் சறுக்கிக்கொண்டே போய் மோதினால், பந்து போகும் திசைக்கு 90 டிகிரியில் பிரியும். நன்றாக உருண்டுபோய், பந்தின் பாதிக்கு அருகில் மோதினால், வெள்ளை வந்த வழியிலிருந்து சுமார் 30 டிகிரி விலகிப் போகும். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் செட் ஸ்கொயரை வைத்தே இதைக் காட்டிவிடலாம். இந்த இரண்டும் கைவந்தால் வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதில்லை.

பந்தயம் இல்லாமல் அழுத்தம் வேண்டுமா? 'கோஸ்ட்' ஆடுங்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத எதிராளியோடு. நீங்களே பிரேக் அடித்து, வெள்ளையைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்து, வரிசையாக எல்லாப் பந்தையும் போட வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த ரேக் (ஒரு அடுக்கு ஆட்டம்) கோஸ்டுக்கு. முதலில் 7 எடுத்தவர் ஜெயித்தார். ஒன்பது பந்தில் ஆரம்பித்தால் அழுகைதான் வரும், அதனால் மூன்று பந்தில் தொடங்கி, கோஸ்டை ஜெயித்த பிறகு நான்கு, ஐந்து என்று ஏற்றுங்கள். எதிராளி தவறே செய்ய மாட்டான் என்று தெரிந்து ஆடுவதில் இருக்கும் அழுத்தம் எந்தப் பந்தயத்துக்கும் குறைந்ததல்ல.

கண்ணையும் கவனியுங்கள். அடிக்கும் முன் கடைசி நொடியில் தேர்ந்தவர்களின் பார்வை ஒரே இடத்தில் அதிக நேரம் நிலைக்கிறது என்பதை 2002-ல் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களை வைத்தே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கியூவை நாலு முறை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டுச் சட்டென்று அடிக்கும் தம்பிகள் இதைப் படித்துவிட்டு ஒரு மூச்சு நேரம் நிறுத்திப் பார்க்கலாம்.

டேபிளே கிடைக்காதவன் என்ன செய்வான்?

வில்லி மாஸ்கோனியின் கதை இருக்கிறது. பிலடெல்பியாவில் அப்பாவுக்கே பூல் கூடம். ஆனால் மகன் ஆடக்கூடாது என்று அவர் பந்துகளைப் பூட்டி வைத்தார். பையன் அம்மாவின் சமையலறையிலிருந்து உருண்டையான உருளைக்கிழங்குகளையும் ஒரு துடைப்பக் கட்டையையும் எடுத்துக்கொண்டு ஆடினான். அந்தப் பையன்தான் 1954-ல் ஒஹாயோவில் ஒரு பந்துகூடத் தவறாமல் தொடர்ச்சியாக 526 பந்து போட்டார். அதை 2019-ல் ஜான் ஷ்மிட் 626 அடித்துத்தான் தாண்ட முடிந்தது. 2022-ல் ஸ்காட்லாந்தின் ஜேசன் ஷா 714 அடித்தார். ஒரு கொசுறு: மாஸ்கோனி 526 அடித்தது 8 அடி டேபிளில். டேபிள் அளவைச் சொல்லாமல் சாதனையை மட்டும் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

நம் ஊர் பார்லரில் பழகினால் என்ன பழக்கம் ஒட்டிக்கொள்ளும்?

மனதில் உள்ளதைச் சொல்கிறேன், கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே தோற்றவன்தான் டேபிள் காசு கொடுக்க வேண்டும். இது நம் மண்ணின் சட்டம், ஓசூர் பாகலூர் சாலையிலும் இதுதான், தருமபுரி நாலு ரோட்டிலும் இதுதான். இதனால் என்ன ஆகிறது? தன்னைவிட நன்றாக ஆடுகிறவனோடு யாரும் மோதுவதில்லை, காசு போய்விடும். பலமாக அடித்து அதிர்ஷ்டத்துக்கு ஏதாவது விழட்டும் என்று ஆடுவது வளர்கிறது. பயிற்சிக்கென்று டேபிள் எடுப்பவனைப் பார்த்து "காசு தண்டம்டா" என்று சிரிக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் பையனுக்குப் பந்தயம் வலுவான எதிராளியைக் கொண்டுவந்தது. நம் பையனுக்குத் தோற்றவன்-காசு முறை வலுவான எதிராளியைத் துரத்துகிறது. ஒரே காசு, வேறு வேலை.

இதற்கு மாற்று: இரண்டு பேர் சேர்ந்து காசைப் பாதிப் பாதி போட்டு ஆளுக்கொரு ரேக் கோஸ்ட் ஆடுங்கள். கூட்டம் இல்லாத காலை நேரத்தில் கடைக்காரரிடம் குறைத்துக் கேளுங்கள், காலி டேபிளுக்குப் பாதிக் காசு வந்தாலும் அவருக்கு லாபம்தான். சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் அண்ணன்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

டேபிளைப் பற்றி: இங்கே நான் பார்ப்பவை பெரும்பாலும் 8 அடி, துணியும் சற்று மயிர்ப்பாக இருக்கும். உலகப் போட்டிகளில் 9 அடி, ஆடும் பரப்பு 100 அங்குலத்துக்கு 50, துணி வழவழப்பாக வேகமாக இருக்கும். இங்கே பழகியவன் அங்கே போனால் வெள்ளை நிற்கவே நிற்காது. ஐப்பசி மழையில் நம் துணி ஈரம் கோத்துக்கொண்டு இன்னும் மந்தமாகும். அழுக்குப் பந்துகள் ஒன்றையொன்று பிடித்து இழுப்பதால் கட் ஷாட் கோணமே மாறிவிடும். ஆடும் முன் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து ஆடுங்கள். ஒருமுறை துடைத்துப் பார்த்தவர்கள் பிறகு விடமாட்டார்கள்.

கிரானைட் ஊர்க்காரர்கள் என்பதால் டேபிளுக்கு அடியில் இருப்பதும் கிரானைட்டா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்லேட் கல்.

பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலும் இந்தியா இவ்வளவு ஜெயிக்கும்போது பூலில் ஏன் இல்லை?

நாடு ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் என்பதற்கு நம்மைவிட நல்ல உதாரணம் கிடையாது. வெள்ளைக்காரன் கிளப்பில் எதை ஆடினானோ அதை நாம் எடுத்துக்கொண்டோம். ஸ்னூக்கரே 1875-ல் ஜபல்பூரில் பிறந்தது. அதன் விதிகளை எழுதி 1882-ல் சுவரில் மாட்டியது நம் ஊட்டி கிளப். வில்சன் ஜோன்ஸ் 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வாங்கினார். தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர். பிறகு மைக்கேல் ஃபெரெய்ரா, கீத் சேத்தி, 1984-ல் டப்ளினில் ஸ்னூக்கர் ஜெயித்த ஓம் அகர்வால். இவர்களுக்கெல்லாம் மேலே பங்கஜ் அத்வானி: 2024-ல் தோகாவில் 28-வது உலகப் பட்டம்.

ஆக, கை இருக்கிறது. கற்றுக்கொடுத்தது வேறு ஆட்டம். ஸ்னூக்கரில் பிரேக் ஷாட் என்றால் சிவப்பு அடுக்கை லேசாக உரசிவிட்டு வெள்ளையைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது. ஒன்பது பந்தில் முழுப் பலத்தையும் கட்டுக்குள் வைத்து அடுக்கை வெடிக்க வைக்க வேண்டும். ஸ்னூக்கரில் பந்தைத் தாண்டி வெள்ளையைக் குதிக்க வைத்தால் ஃபவுல். பூலில் அதற்கென்றே குட்டை ஜம்ப் கியூ இருக்கிறது. நம் கோச்கள் அதைச் சொல்லித்தராததில் வியப்பில்லை, அவர்கள் காலத்தில் அது குற்றம். ஒன்பது பந்து உலகப் பட்டத்தை இதுவரை எந்த இந்தியரும் வாங்கவில்லை.

ஓசூர்ப் பையன் பெங்களூரு போய்ப் பழகலாமா?

போகாமல் என்ன? 40 கிலோமீட்டர்தான், அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். அத்வானி புனேயில் பிறந்தவர், சின்ன வயதில் பெங்களூருக்குக் குடிவந்து, முன்னாள் தேசிய சாம்பியன் அரவிந்த் சாவுரிடம் பழகினார். கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கத்தின் டேபிள்கள் அவரைப் போன்ற பலரை வளர்த்திருக்கின்றன.

சிக்கல் ஒன்று. தேசியப் போட்டிக்கு மாநிலம் வழியாகத்தான் போக வேண்டும். நம் மாநிலச் சங்கம் இருப்பது 300 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில். நல்ல எதிராளி ஒரு திசையில், தேர்வுப் போட்டி எதிர்த்திசையில். ஓசூரில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் பேசி வளரும் பையனுக்கு மொழி தடையில்லை, பஸ் நேரம்தான் தடை. ஞாயிறு முழுக்க பெங்களூரு, வார நாளில் உள்ளூரில் பயிற்சி, தேர்வுக்கு மட்டும் சென்னை என்று பிரித்துக்கொள்வதே நடைமுறையில் சரிப்படுகிறது. தருமபுரி, பென்னாகரம் பக்கத்துப் பையன்களுக்கு அதுவும் கஷ்டம், அவர்கள் மாதம் ஒருமுறை போனாலே நல்லது.

ஆட்டக்காரர்கள் நாடு மாறுவது உண்டா?

உண்டு. ஃபெதோர் கோர்ஸ்ட் மாஸ்கோவில் பிறந்தவர், 2019-ல் ரஷ்யராக உலக சாம்பியன். 2024-ல் ஜெத்தாவில் காச்சியை 15-14 என்று வென்றபோது அமெரிக்காவுக்காக ஆடினார். தைவானின் வூ ஜியா சிங் பிறகு சீனாவுக்கு மாறினார். கொடி மாறினாலும் கியூ பிடிக்கும் கை பழைய ஊரில் பழகியதுதான்.

கொடியைவிடப் பாஸ்போர்ட் பெரிய விஷயம். ஐரோப்பிய ஆட்டக்காரர் வெள்ளிக்கிழமை கிளம்பி மூன்று நாடு தாண்டி ஆடிவிட்டு வருவார். இந்தியருக்கும் பிலிப்பைன்ஸ்காரருக்கும் ஒவ்வொன்றுக்கும் விசா. பயிற்சி நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் விசா வரிசையில் போகும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

பெண்பிள்ளைகள் ஆடலாமா?

ஆடலாம் என்ன, ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்கள். சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025-ல் தோகாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வாங்கினார். பிலிப்பைன்ஸின் ரூபிலென் அமித் பத்துப் பந்தில் இரண்டு முறை, பிறகு 2024-ல் ஒன்பது பந்திலும் உலக சாம்பியன். ஆஸ்திரியாவின் யாஸ்மின் ஒவ்ஷான், மேலே சொன்ன ஆல்பினின் அக்கா. அவர்கள் பெற்றோர் நடத்தியது பூல் கூடம்.

நம் ஊரில் தடை ஆட்டமல்ல, இடம். புகையும் கெட்ட வார்த்தையுமாக இருக்கும் கூடத்துக்கு யார் மகளை அனுப்புவார்கள்? வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கென்று ஒதுக்கினால் கடைக்காரருக்கு நஷ்டம் வராது. நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், தலையாட்டுகிறார்கள்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

டேபிள் எட்டினால் போதும். எட்டாவிட்டால் ரெய்ஸ் மாதிரி பெட்டி போடலாம்.

படிப்பு கெட்டுவிடாதா? இதில் வருமானம் உண்டா, சார்?

2024 உலகப் போட்டியில் முதல் பரிசு 2,50,000 டாலர். அதைக் கேட்டுவிட்டு மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 128 பேர், முதல் சில சுற்றுகளில் வெளியேறியவர்களுக்கு விமானச் செலவு கழித்தால் பெரிதாக மிஞ்சாது. ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் இல்லாததால் அரசு உதவியும் மற்ற விளையாட்டுகள் அளவுக்கு வருவதில்லை. நம் நாட்டில் இதில் மேலே வந்தவர்களைத் தாங்கிப் பிடித்தது பெரும்பாலும் வேலைதான். அத்வானியே ஓஎன்ஜிசி ஊழியர். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வேண்டுமென்றால் கையில் படிப்பும் வேண்டும்.

ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு வரை நாளைக்கு ஒரு மணி நேரம், மேலே சொன்ன மாதிரி ஒழுங்காக. அதுவே ஐந்து மணி நேரம் சும்மா ஆடுவதைவிட அதிகம் கொடுக்கும். காசு வைத்து ஆடும் இடம் என்று தெரிந்தால் அங்கே அனுப்பவே வேண்டாம், வேறு கூடம் பாருங்கள்.

என் மகன் எந்த அளவில் இருக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உலகம் முழுக்க ஃபார்கோ ரேட்டிங் என்ற கணக்கு இருக்கிறது. இருவருக்குள் 100 புள்ளி வித்தியாசம் என்றால், உயர்ந்தவர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ரேக் ஜெயிப்பார். உச்சத்தில் இருப்பவர்கள் 800-க்கு மேல். உள்ளூரில் அது இல்லாத வரைக்கும் கோஸ்டை வைத்தே அளக்கலாம். மூன்று பந்து கோஸ்டை எப்போதும் ஜெயிக்கிறானா? நல்ல தொடக்கம். ஆறு பந்தை ஜெயிக்கிறானா? பெங்களூருக்கு அழைத்துப் போங்கள். பக்கத்து வீட்டுப் பையனை ஜெயித்தான் என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சொந்தக் கியூ வாங்கணுமாண்ணா?

முதல் வருடம் வேண்டாம். கூடத்தில் இருப்பதில் நேரானது எது என்று டேபிளில் உருட்டிப் பார்த்து எடு. தள்ளாடாமல் உருள வேண்டும். முனையைப் பார்: பூல் கியூ என்றால் 12, 13 மி.மீ., ஸ்னூக்கர் கியூ 9, 10 மி.மீ. மெல்லிய முனை இந்தப் பெரிய பந்துக்கு ஒத்துவராது, பிரேக் அடித்தால் கியூவும் போகும். தினமும் ஒரே கியூவை எடு. கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் தனியாக மாட்டி வைப்பார். டிப் (கியூ முனையில் ஒட்டியிருக்கும் தோல்) தேய்ந்து தட்டையாகிவிட்டால் மாற்றச் சொல்லிக் கேள், அந்தச் செலவை நீயே போட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் சாக் போடு, மூன்று ஷாட்டுக்கு ஒருமுறை அல்ல.